கூட்டி அள்ளிய களைப்பு

எங்கள் மில் காலனியின் மனமகிழ் மன்றத்தில் ஆட்களுடைய களைப்பு உடம்பை விட்டு இறங்கித் தரையில் கிடக்க ஆரம்பித்தது ஓர் ஆடி மாதத்துப் பகலில். அதை முதலில் பார்த்தவள் மன்றத்தைத் திறந்து, கூட்டி, பூட்டுகிற தெய்வாத்தாள். பார்த்ததும் அவள் ஊரைக் கூட்டவில்லை, சாமியைக் கும்பிடவில்லை, இந்தக் கேரம் ஆடுகிறவன்கள் மறுபடியும் தின்பதைக் கீழே கொட்டிவிட்டுப் போய்விட்டான்கள் என்று வைதபடியே விளக்குமாற்றை எடுத்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மனமகிழ் மன்றம் என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும் அங்கே மனம் மகிழ நேரமில்லாத ஒரே ஆள் அவள்தான். பகல் ஷிப்ட் முடிந்து மில் சங்கு ஊதுவதற்குள் கதவைத் திறந்து, தண்ணீர்க் குடத்தை நிரப்பி, கேரம் போர்டைத் துடைத்துப் பவுடர் தூவி, சப்பிப்போன வாலிபாலுக்குச் சைக்கிள் பம்பால் காற்றடித்து, சதுரங்கத்தில் தொலைந்துபோன குதிரைக்குப் பதிலாக ஒரு சோடா மூடியை வைத்து, டிவியில் எதைப் பார்ப்பது என்று அடித்துக்கொள்கிறவர்களிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கி இடுப்பில் செருகி, பெண்கள் பந்து விளையாடும் செவ்வாய்க்கிழமைகளில் ஜன்னலில் எட்டிப் பார்க்கிற ஆம்பிளைகளைத் துரத்தி, கடைசியில் ஸ்ட்ரைக்கரைப் பையில் போட்டுக்கொண்டு நழுவுகிறவனை வாசலில் மறித்துச் சட்டைப்பையைத் தடவி வாங்கி வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இதற்கு நடுவில் தரையில் எதைக் கொட்டினாலும் அவளுக்கு அது குப்பைதான்.

ஆனால் இந்தக் குப்பை மறுநாளும் கிடந்தது, அதற்கு மறுநாளும். ஊறவைத்த தவிடு போல, சாம்பல் நிறத்தில், தொட்டால் இளஞ்சூடாக, ஒவ்வொருவரும் உட்கார்ந்த நாற்காலிக்கு அடியில் ஒரு குவியல். யார் எழுந்து போனாலும் குவியல் அங்கேயே இருந்தது, எழுந்து போனவன் மட்டும் கல்யாணமாகாத பையன் மாதிரி துள்ளிக்கொண்டு போனான். நூற்புக்கூடத்தில் நாள் முழுக்க நின்றவர்களின் குவியல் பெரிது, ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுடையது ஒரு கைப்பிடி. இது களைப்பு என்று யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, சொந்தச் செருப்பை அடையாளம் தெரிகிற மாதிரி எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு காலனி அதை எடுத்துக்கொண்ட விதம்தான் சொல்ல வேண்டியது. முதல் வாரம் வேடிக்கை பார்த்தோம். அடுத்த வாரம் யாருடைய குவியல் பெரிது என்ற பேச்சு வந்தது, பேச்சு சண்டையாகி, ஆபீஸ் குமாஸ்தாக்கள் எங்களுக்கும் களைப்பு உண்டு, மூளைக் களைப்பு கண்ணுக்குத் தெரியாது என்று கூட்டம் போட்டார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையனின் சம்பளத்தைக் கேட்டுவிட்டு அப்படியே மன்றத்துக்கும் ஒரு நடை போய் அவன் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உழைத்து உழைத்து ஓடாய்த் தேய்வதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த சில பேரின் குவியலைப் பெண்டாட்டிகள் வந்து பார்த்துவிட்டு, ராத்திரி அவர்களுக்கு ரசம் மட்டும் ஊற்றினார்கள்.

தெய்வாத்தாளுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. அவளும் கல்யாணத்துக்கு முன்னால் மில்லில் சைடு பார்த்தவள், நூற்கிற மிஷினின் ஒரு பக்கத்தை நாங்கள் சைடு என்போம். அங்கே தரையில் உதிர்ந்து கிடக்கிற பஞ்சு எந்த மிஷினிலிருந்து விழுந்தது என்று யாரும் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளி ஒரே சாக்கில் அள்ளுவதுதான் மில் வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தில் அவள் எல்லோருடைய களைப்பையும் நடுக்கூடத்துக்குத் தள்ளி, ஒன்றாகக் கலந்து, சாக்கில் அள்ளி, மன்றத்துக்குப் பின்னால் நீரூற்று வைக்கிறோம் என்று கட்டி, தண்ணீரே விடாமல் கிடந்த தொட்டியில் கொட்டினாள். அந்தத் தொட்டிமேல் உட்கார்ந்த காக்கைகள் உட்கார்ந்தபடியே தூங்கின. கதகதப்புக்காக உள்ளே இறங்கிச் சுருண்ட ஒரு செவலை நாய் ஐப்பசி மழையிலும் எழுந்திருக்கவில்லை, வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் மில் மேனேஜர் காதுக்குப் போனது. அவர் மன்றத்தின் செக்ரட்டரி வரதராஜுலுவைக் கூப்பிட்டுப் பேசினார். வரதராஜுலு நல்ல மனிதர்தான், யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத நல்ல மனிதர், அந்த வகை நல்லவர்களால் காலனிக்கு விளைந்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஷிப்ட் முடித்த ஒவ்வொருவரும் மன்றத்துக்கு வந்து சற்று நேரம் உட்கார்ந்து, களைப்பை இறக்கி வைத்துவிட்டு, புத்தம்புதிதாக அடுத்த ஷிப்டுக்குப் போக வேண்டும்.

எதிர்ப்போம் என்றுதான் நினைத்தோம். ஆனால் எதிர்ப்பதற்கு ஒரு சலிப்பு வேண்டியிருக்கிறது, அது எங்களிடம் இல்லை. கால் வலிக்கவில்லை, கண் எரியவில்லை, இன்னொரு ஷிப்ட் நின்றால் என்ன என்றுதான் உடம்பு கேட்டது. கேரம் போர்டுகளைச் சாமான் அறையில் அடுக்கிவிட்டு அந்த இடத்தில் நீள பெஞ்சுகள் போட்டார்கள், வலையை அவிழ்த்தார்கள், டிவியை மேனேஜர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மன்றத்தில் யாரும் விளையாடவில்லை. வரிசையாக உட்கார்ந்தோம், வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள், இறக்கினோம், எழுந்து போனோம், தெய்வாத்தாள் அள்ளினாள்.

ராத்திரிகளை என்ன செய்வதென்று தெரியாமல் காலனியில் எல்லா வீட்டிலும் வெள்ளையடித்தோம், மறுபடியும் வெள்ளையடித்தோம். தூக்கம் போன பின் கனவு போயிற்று, பெண்டாட்டியோடு படுத்துக் கதை பேசுவது போயிற்று. குழந்தைகள் மட்டும் தூங்கின, நாங்கள் சுற்றி உட்கார்ந்து அவை தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்கழியில் ஆறுச்சாமி செத்துப்போனான். வாலிபாலில் எங்கள் காலனிக்கே பேர் வாங்கிக்கொடுத்த பையன். சைடில் நின்றபடி, கையை மிஷின்மேல் வைத்தபடி செத்துப்போயிருந்தான், நின்றுகொண்டேயிருந்ததால் மேஸ்திரிக்கே வெகுநேரம் தெரியவில்லை. உடம்பைப் பார்த்த டாக்டர், கிழவனின் இருதயம் இது, இத்தனை தேய்ந்த பிறகும் இவனுக்கு எதுவும் தோன்றவில்லையா என்று கேட்டார். தோன்ற வேண்டியது எல்லாம் தொட்டியில் கிடந்தது.

எழவு வீட்டில் அழுதோம். அழுகிறவர்கள் ஒரு கட்டத்தில் ஓய்ந்து, மூக்கைச் சிந்தி, காப்பித் தண்ணிக்குத் திரும்புவது உலக வழக்கம். எங்களுக்கு ஓயவில்லை. ஆறுச்சாமியின் அம்மா பொழுது சாய்ந்து பொழுது விடிந்தும் அதே உச்சக்குரலில் அழுதாள், நாங்களும் அதே குரலில் அழுதோம், எதை வைத்து நிறுத்துவது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. மில் சங்கு ஊதியதும் எழுந்து வேலைக்குப் போனோம்.

அன்றைக்குத்தான் தெய்வாத்தாள் தன் புருசனை நன்றாகப் பார்த்தாள்.

சென்னியப்பன் ஆறுச்சாமிக்குப் பக்கத்துச் சைடு. மன்றத்தில் களைப்பை இறக்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை, அவன் உட்கார்ந்த இடத்தில் மட்டும் குவியல் சீக்கிரம் உயரும். வீட்டுக்கு வந்தால் உட்காருவதில்லை. ஓட்டைப் பிரித்து மாற்றுவான், கிணற்றடியைத் தேய்ப்பான், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பான், வாயில் எப்போதும் ஒரு சீழ்க்கை. முன்தலை வெளுத்து, கன்னம் ஒட்டி, கண் மட்டும் திருவிழாவுக்குப் போகிற குழந்தையின் கண்ணாக இருந்தது. கூடவே படுத்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள், அவள் கை தொடுகிற நேரம்கூட அவன் நின்றதில்லை என்று தோன்றியது.

"ஏனுங்க, நாளைக்கு அந்த பெஞ்சில ஒக்கார வேண்டாமுங்க. களைப்பு இருந்தா இருந்துட்டுப் போகுது. வூட்டுக்கு வந்து படுங்க."

"ஏம்புள்ள, எனக்கென்ன கேடு? பாரு இந்தக் கால!" என்று அவன் நின்ற இடத்திலேயே குதித்துக் காட்டினான்.

"ஆறுச்சாமியுந்தான் குதிச்சான்."

"அவன் விதி. நீயும் ஒருக்கா ஒக்காந்து பாரு, அப்பத் தெரியும் சொகம்."

"நான் ஒக்காந்தா ஆரு கூட்றது?" என்றாள் அவள். உண்மைதான், மன்றத்துச் சிப்பந்தி பெஞ்சில் உட்காரக் கூடாது என்பது வரதராஜுலுவின் உத்தரவு. அதனால் காலனியிலேயே தன் களைப்பைத் தானே சுமந்துகொண்டிருந்த பெரியவர்கள் அவளும், மன்றத்துக்குள் அனுமதி இல்லாத மில் வாட்ச்மேனும்தான்.

அவள் வரதராஜுலுவிடம் போய்க் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மேனேஜரிடம் பேசுகிறேன் என்றார், பேசவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தொட்டியின் ஞாபகம் வந்தது. படுத்து எழுந்திருக்காத அந்த நாயையும் நினைத்தாள். புருசனின் களைப்பை அவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் அவன் தூங்குவான், தூங்கினால் பிழைப்பான். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

தொட்டிக்குள் இறங்கி நின்றாள். எது தன் புருசனுடையது? ஆடியிலிருந்து அத்தனை பேருடையதையும் ஒன்றாய்த் தள்ளி ஒன்றாய்க் கொட்டியவள் அவளே. மோந்து பார்த்தாள், மிஷின் எண்ணெய் வாடை அடித்த இடத்தில் கிளறினாள், நூற்புக்கூடத்து ஆம்பிளைகள் எல்லோருக்கும் அதே வாடைதான் என்பதை நினைக்காமல் இல்லை, நினைத்தும், கறுத்து, கனமாக, பிசுபிசுவென்று இருந்ததாகப் பார்த்து ஒரு குண்டா நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். பட்டினி கிடக்கிற பிள்ளைக்கு எந்த வீட்டுச் சோறு என்று எந்தத் தாயும் பார்ப்பதில்லை, அப்படித்தான் அவளுக்கும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். எத்தனை ஷிப்ட் பார்த்தாலும் சென்னியப்பன் அதை விடமாட்டான். நல்லெண்ணெயைக் காய்ச்சி அதில் களைப்பைக் கரைத்தாள், கரைத்தது எண்ணெயைவிடக் கறுப்பாகத்தான் தெரிந்தது. அவனை முக்காலியில் உட்காரவைத்து உச்சந்தலையில் வைத்தாள், பிடரி, தோள், முழங்கை, விரல் இடுக்கு, கெண்டைக்கால் என்று அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். ஏற்கெனவே நிறைந்திருந்தவள் என்பதால் அவள் கையில் அது ஏறவில்லை. சீழ்க்கை நின்றது. அவன் வாய் மெதுவாகத் திறந்து, திறந்து, ஒரு முழுக் கொட்டாவி வந்தது, அதைப் பார்த்து அவள் சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

"புள்ள, கண்ணச் சொக்குது."

"சொக்கட்டும் சாமி, சொக்கட்டும்."

கட்டிலில் கிடத்தினாள். கிடத்திய பிறகு அவன் பேசினான்.

"புள்ள, எனக்கு மாரு கட்டியிருக்குது."

அவள் அவன் முகத்தருகே குனிந்தாள்.

"மாரு கல்லாட்டம் கட்டியிருக்குது. கொழந்தைக்குப் பால் குடுத்துட்டு ஓடியாந்தர்றேன்னு சொன்னேன், மேஸ்திரி உடமாட்டேன்னுட்டான். ரவிக்கையெல்லாம் நனைஞ்சு போச்சு." அது அவன் குரல்தான், வலி யாரோ ஒரு பச்சை உடம்புக்காரியுடையது. சற்று நேரம் கழித்து, "முட்டி வலிக்குது, இன்னும் ரெண்டு வருசம் நின்னா பென்சன்" என்றான். அப்புறம், கண்ணைத் திறக்காமல், "எந்தச் சைடு ஓடிட்டே இருக்குது, ஆராச்சும் நிறுத்துங்க, எனக்கு நிறுத்தத் தெரியல" என்று கெஞ்சினான். 'எனது' என்பதை 'எந்த' என்று இழுக்கிறவன் காலனியில் ஒருவன்தான் இருந்தான், அவனை மார்கழியில் எரித்துவிட்டோம். தெய்வாத்தாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

அதன்பின் சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை. மூச்சு சீராக வந்தது, முகத்தில் ரத்தம் ஊறியது, ஒட்டிய கன்னம் மெல்ல நிரம்பியது. ஆனால் தண்ணீர் தெளித்தாலும், காதில் கூப்பிட்டாலும், சங்கு ஊதினாலும் தூங்கினான். ஒரு மனுசன் தூங்கித் தீர்க்கிற களைப்பா அது? அவன் சைடு நின்றுபோனது. வரதராஜுலு நான்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கட்டிலோட தூக்கிட்டுப் போயி பெஞ்சுல போடலாம்மா. இறங்கிடும், எந்திரிச்சிருவான். மேனேஜர் கோவமா இருக்காரு."

"எந்திரிச்சா சாவாருங்க சார்."

"தூங்குறவன் இருந்து என்னம்மா பிரயோஜனம்?"

"எனக்கு இருக்குதுங்க," என்று சொல்லிக் கட்டிலுக்குக் குறுக்கே நின்றாள். "என்ற புருசன் மூச்சு உடறாருன்னு நான் பாத்துட்டு இருப்பேன். அது போதுமுங்க எனக்கு."

நான்கு பேரில் ஒருவன் அவளைத் தாண்டிக் கையை நீட்டிச் சென்னியப்பனின் தோளைப் பிடித்தான். பெஞ்சிலிருந்து நேராக வந்தவன், உடம்பில் ஒரு சொட்டுக் களைப்பு இல்லாதவன். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்கிற மாதிரி சென்னியப்பனின் களைப்பு அவன் உள்ளங்கை வழியாக ஏறியது. அவன் வாசற்படியில் உட்கார்ந்தான், கொட்டாவி விட்டான், அப்படியே சாய்ந்து தூங்கிப்போனான். மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பயந்து ஓடுவார்கள் என்று வரதராஜுலு நினைத்தார். அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டில் பக்கம் போனார்கள்.

சேதி பரவியதும் காலனியே வந்தது. ரேஷன் கடையில் நிற்பது மாதிரி வரிசையில் நின்றோம். "தெய்வாத்தா, எனக்குங் கொஞ்சம் குடு அம்மிணி" என்று ஆறுச்சாமியின் அம்மா கேட்டாள், அவள் தொட்டதும் அத்தனை நாளாக நிற்காத அழுகை நின்றது, மண்ணிலேயே படுத்துக்கொண்டாள். ஒவ்வொருவரும் தொட்டோம். தன் பங்கு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும், கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொண்டோம். கடைசியில் வரதராஜுலுவே தயங்கித் தயங்கி ஒரு விரலால் தொட்டார், கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்தார். வீதியெல்லாம் குறட்டை. அதைக் கேட்டுக்கொண்டே தெய்வாத்தாள் சிரித்தாள், இனி மில்லுக்குப் போக ஒருத்தருமில்லை என்று நினைத்துச் சிரித்தாள், சிரித்துவிட்டுக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. கண் பளபளவென்றிருந்தது. சங்கு ஊதியது, அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, வீதியில் கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டிச் சீழ்க்கையடித்தபடி போனான்.

இதற்கு மேல் நடந்தது எங்களுக்கு வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். தெய்வாத்தாள் தலைவிரி கோலமாகப் பின்னால் ஓடி வந்தாளாம். உள்ளே மேனேஜர் எல்லா மிஷினையும் ஓடவிட்டிருந்தார், ஆள் வரும் வரும் என்று. சென்னியப்பன் ஒருத்தனே கூடம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தான், அறுந்த இழையை ஒட்டிவிட்டு அடுத்த சைடுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. "ஒருத்தருமில்லீன்னா என்ன புள்ள, எல்லாம் நானே பாத்துக்கறேன்!" என்று கத்தினானாம், சந்தோஷமாக, மார்பு பட்டறைத் துருத்தி மாதிரி அடித்துக்கொள்ள. அவள் இரண்டு சைடுக்கு நடுவில் கையை விரித்து மறித்து, அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவளிடம்தான் இருந்ததே, கூட்டி, துடைத்து, சண்டை தீர்த்து, அள்ளிக் கொட்டிய அத்தனை வருசக் களைப்பு, யாருக்கும் இறக்கி வைக்காதது. அதை முழுக்க அவனுக்குக் கொடுத்தாள். என்ன ஆகும் என்று தெரியாமல் அல்ல, அத்தனை பேர் அவள் வாசலிலேயே அல்லவா வாங்கிக்கொண்டு விழுந்தார்கள், கொடுத்துத் தீர்ந்தவன் எழுந்து ஓடினான். அவன் முழங்கால் மடிந்தது. சுவரோரம் இழுத்துக் கிடத்தித் தலைக்குப் பஞ்சை மடித்து வைத்தாள். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று அவன் மூச்சைப் பார்த்தாளாம். அப்போது ஒரு இழை அறுந்தது, பழகிய கை, போய் ஒட்டியது.

நாங்கள் விழித்தபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம், போதும் தெய்வாத்தா, வந்துவிடு என்று கூப்பிட்டோம். "இந்த ஒரு இழைய ஒட்டிட்டு வந்தர்றனுங்க" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. பிடிக்கத்தான் பார்த்தோம். எங்களுக்குத் திரும்பக் கிடைத்த களைப்போடு களைப்பே இல்லாதவளை எப்படி எட்டுவது, நாங்கள் ஒரு சைடு முனைக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்வதற்குள் அவள் மூன்றாவதில் இருந்தாள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவன் சென்னியப்பன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, கையை நீட்டிக்கொண்டே ஓடினான், ஆனால் அவள் களைப்பு முழுக்க அவன் கால்களில் இருந்தது.